உள்ளே நின்று பார்த்தவர்

அன்றைக்கு அந்த யார்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. பழைய கன்டெய்னர் பெட்டி விற்கிற தூத்துக்குடிக்காரர். மூலையில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்த காஸ் வெல்டர். பாய்.

நாங்கள் நான்கு பேர் வெளியே நின்றோம். பாய் பெட்டிக்குள் இருந்தார். கதவைச் சாத்தச் சொன்னவர் அவர்தான். சாத்தினோம். திறக்க முடியவில்லை.

இதைச் சொல்லும் முன் அவரைச் சொல்ல வேண்டும்.

பெயர் எழுதவில்லை. பெயர் சொல்லி நான் கூப்பிட்டதும் இல்லை. அவர் இருக்கிற பேகம்பூரில் போய் பாய் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பும். எனக்கு அவர் ஒருவர்தான் பாய்.

அவர் லாரித் தார்ப்பாய் தைக்கிறவர். எனக்கு மதுரை ரோட்டில் பஞ்சர் கடை. இரண்டு பேருக்கும் ஒரே லாரிகள்தான். லாரிக்கு மேலே அவர், கீழே நான். நான் சக்கரத்தைக் கழற்றி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கும் நேரத்தில் டிரைவர் தார்ப்பாயை இறக்கி அவரிடம் கொடுப்பார். அப்படிப் பழக்கம்.

தார்ப்பாய் தைக்கிற மற்றவர்கள் அதைத் தரையில் விரித்து, மேலே நடந்து, கிழிசலைத் தேடுவார்கள். பாய் அப்படிச் செய்ய மாட்டார். நான்கு மூலையையும் கயிற்றில் கட்டித் தூக்குவார். உச்சி வெயிலில் அதற்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொள்வார். கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சிக் கட்டு. எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கே ஒரு குச்சியைச் செருகுவார். பிறகு வெளியே வந்து பார்த்தால் தார்ப்பாய் மேலே குச்சிகள் முளைத்து முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். குச்சி நிற்கிற இடத்தில் தைப்பார்.

டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

"என்ன பாய், பட்டப்பகல்ல படுத்து நட்சத்திரம் எண்ணுறீங்களா?"

"ஆமா அப்பு. உன் தார்ப்பாயிலதான் அம்புட்டு நட்சத்திரமும் இருக்கு. மேல வெங்காய மூட்டைய ஏத்துனியா, வானத்த ஏத்துனியா?"

தார்ப்பாய்க்கு மட்டும் இல்லை. எதையும் அவர் வெளியிலிருந்து பார்க்க மாட்டார். குடை வாங்கப் போனால் கடைக்குள்ளேயே விரித்து, அதன் கீழே நின்று, டியூப்லைட்டைப் பார்ப்பார். கடைக்காரர், "கடைக்குள்ள மழையா பெய்யுது?" என்பார். பாய் காதில் வாங்க மாட்டார். பஸ்ஸில் ஏறினால் கூரையைத்தான் முதலில் பார்ப்பார்.

கேட்டால் ஒன்றுதான் சொல்வார். "வெளிய இருந்து பாத்தா அழுக்குத்தான் தெரியும். ஓட்டை உள்ள இருந்து பாத்தாத்தான் தெரியும்."

அவர் பார்த்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வத்தலக்குண்டுப் பக்கம் போனார். என்னையும் கூட்டிப் போனார். நல்ல வீடு. முன்னறையில் சேர் போட்டு உட்கார வைத்தார்கள். டீ, பிஸ்கட், மிக்சர். பையனும் நல்ல பையனாகத் தெரிந்தான். பாய் டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"அடுப்படியில செத்த நேரம் இருந்துட்டு வாரேன்."

பையனின் மாமாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஆம்பளைக்கு அடுப்படியில என்னங்க வேலை?"

"என் மக இங்க சேர்ல உக்காந்தா குடித்தனம் பண்ணப் போறா? அங்கதான நிப்பா."

போனார். கதவையும் சாத்திக்கொண்டார். அங்கே இருந்த பெண்கள் பின்வாசல் வழியாக வெளியே வந்து நின்றார்கள். பாய் திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. விறகுப் புகை. ஜன்னல் இல்லை. அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷம் அந்த வீட்டில் காஸ் அடுப்பு வாங்கினார்கள். பின்னால் இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். பையன் சிங்கப்பூர் போனான். பாயின் மனைவி அதை விடவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் சொல்வார்.

"பொகையப் பாத்தாரு. பையனப் பாத்தாரா?"

பாய் தட்டை நகர்த்துவார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கேட்பார். அந்த அம்மா எனக்கு மட்டும் வைப்பார்.

மகளுக்குப் பிறகு வேறு இடம் அமைந்தது. அங்கே அடுப்படியில் இரண்டு ஜன்னல்.

இன்னொன்று. எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆரஞ்சு கொடுத்து, போனார்கள். பாய் வந்தார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அதில் ஏறி என்னைப் போலவே படுத்துக்கொண்டார்.  வந்த நர்ஸ், "நீங்க யாரு, பேஷன்ட்டா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இவன் என்னத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கான்னு பாத்தேன். செவுத்தையில்ல பாத்துக்கிட்டுக் கெடக்கான்."

நர்ஸிடம் கேட்டுவிட்டு என் கட்டிலைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது. வெளியே வேப்பமரம். எனக்கு அன்றைக்குக் கஞ்சி இறங்கியது.

மதுரை ரோட்டை நான்கு வழியாக்கினார்கள். என் கடை போனது. ஒற்றை அறை. செங்கல், மேலே சிமெண்ட் ஷீட். நானும் என் மனைவியும் மண் சுமந்து கட்டியது. இடம் புறம்போக்கு. போய்க் கேட்க வழியில்லை. ஜேசிபி கை வைத்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கம்ப்ரசரையும் டியூப் ஒட்டுகிற மெஷினையும் வீட்டு முற்றத்தில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். வேலை இல்லை. ஒரு லாரி டிரைவர் வந்தபோது சொன்னார். "தூத்துக்குடியில கப்பல் பெட்டியில ஆபீசே நடத்துறான். கன்டெய்னரு. பழசு கெடைக்கும். இடிக்க வந்தா தூக்கிட்டுப் போயிரலாம்ல."

 மறுநாள் காலையில் என் மனைவி வளையல்களைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இனிமே இடிக்கிற மாதிரி ஒன்னையும் கட்ட வேணாம்" என்றாள்.

அதற்கு மேல் விற்க எங்களிடம் எதுவும் இல்லை. பெட்டி சரியில்லாமல் போனால் இன்னொரு பெட்டி கிடையாது. நான் வேறு ஒருத்தர் கடையில் கூலிக்கு டயர் கழற்ற வேண்டியதுதான். அந்த வயதில்.

பாயிடம் சொன்னேன்.

"எப்பப் போறே?"

"நாளைக்கு."

"நானும் வாரேன்."

மறுநாள் வந்தார். சட்டைப் பையில் ஈர்க்குச்சிக் கட்டு.

யார்டு வேடசந்தூர் போகிற வழியில். செம்மண் தரை. போன வாரம் கோடை மழை பெய்திருந்தது. மூன்று பெட்டிகள் கிடந்தன. மூன்றுக்கும் கதவு அகலத் திறந்திருந்தது. தூத்துக்குடிக்காரர் நன்றாகப் பேசினார்.

"பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. கடல்ல விழுந்து மெதந்தாலும் உள்ள ஒரு சொட்டு போவாது."

முதல் பெட்டி நீலம். புதுப் பெயிண்ட். என் மனைவிக்குப் பிடித்தது. பாய் பெயிண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே போனார்.

"கதவச் சாத்துங்க."

"எதுக்கு அண்ணாச்சி? வெளிச்சத்துல பாருங்க."

"செத்த நேரம் சாத்துங்க."

சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் தட்டினார். திறந்தோம்.

"இது தோல் ஏத்துன பெட்டி."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? தோல் ஊறப்போடுற தொட்டிக்குப் பக்கத்துல பொறந்தவன் நான். கதவு தெறந்து கெடந்தா வாடை காத்துல போயிருது. சாத்துனா எந்திரிக்குது. தரைப் பலகையில ஊறிப்போச்சு. அது போகாது."

என் மனைவி உள்ளே தலையை விட்டாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். கடையில் அவளும்தான் இருப்பாள். மதியச் சோறும் அங்கேதான்.

இரண்டாவது சிவப்பு. சாத்தினோம். இந்தத் தடவை நேரம் ஆனது. பாய் உயரமான ஆள். தள்ளிப் போய் நின்று பார்த்தேன். பெட்டியின் கூரையில் ஒரு குச்சி முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக.

என் மனைவி சிரித்துவிட்டாள். தூத்துக்குடிக்காரர் சிரிக்கவில்லை.

"சின்ன ஓட்டதான். பெயிண்ட் அடிச்சா அடைஞ்சிரும்."

"அடிச்சுத்தான வெச்சிருக்கீங்க" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

மூன்றாவது பெட்டி கடைசியில் கிடந்தது. பச்சை. வெளுத்துப் போயிருந்தது. ஒரு பக்கம் நசுங்கல். தூத்துக்குடிக்காரரே அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அடியில் புகுந்து படுத்தேன். அது என் பக்கம். குறுக்குச் சட்டங்களை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். துரு தின்ற இரும்பு தகர டப்பா மாதிரிச் சத்தம் கொடுக்கும். இது கணீரென்று கேட்டது. ஒவ்வொன்றும்.

பாய் உள்ளே போனார். கதவு வர மறுத்தது. கதவடியில் புல் முளைத்திருந்தது. சாத்தி வெகுநாள் ஆகியிருக்கும். வெல்டர் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். பூட்டுக் கம்பி கொக்கியில் போய் விழுந்தது. பெரிய சத்தம்.

நின்றோம். உள்ளே நடக்கிற சத்தம் கேட்டது. மூலை மூலையாகப் போகிறார். பிறகு தட்டினார்.

தூத்துக்குடிக்காரர் கைப்பிடியைத் தூக்கினார். அசையவில்லை. நான் பிடித்தேன். வெல்டரும் நானும் சேர்ந்து தொங்கினோம். வெல்டர் சுத்தியல் கொண்டு வந்து அடித்தார். கம்பி அப்படியே இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியின் சுவரில் கை வைத்தேன். வைக்க முடியவில்லை.

"அண்ணே" என்று என் மனைவி கதவில் தட்டினாள். "பாய் அண்ணே."

உள்ளே இருந்து ஏதோ சொன்னார். புரியவில்லை. இரண்டு கதவுக்கும் ரப்பர் நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் அதுவே பயமாகிவிட்டது.

"காத்து போகாதேங்க" என்றாள் என்னிடம்.

"ஓட்டையே கெடையாதுன்னு நாந்தான் சொன்னேனே" என்று தூத்துக்குடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

அப்போதுதான் பக்கச் சுவரில், நசுங்கிய இடத்தில், பெயிண்ட் வெடித்துத் துருப்பிடித்த மடிப்பிலிருந்து ஒரு ஈர்க்குச்சி வெளியே வந்தது. மெதுவாக வந்தது. நின்று, இரண்டு பக்கமும் ஆடியது.

எல்லாரும் அங்கே ஓடினோம். குச்சி உள்ளே போய்விட்டது. குரல் வந்தது. சின்ன ஓட்டையிலிருந்து வருவதால் ரேடியோ மாதிரிக் கேட்டது.

"ஏலே அப்பு. இங்க ஒன்னு இருக்கு. குறிச்சுக்க."

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, கதவு தெறக்கல. மூச்சு முட்டலையா உங்களுக்கு?"

"சூடாத்தான் இருக்கு தாயி. பயப்படாத. இதுல வாய வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவள் வெல்டர் பக்கம் திரும்பினாள். "வெட்டுங்க."

வெல்டர் தூத்துக்குடிக்காரரைப் பார்த்தார். தூத்துக்குடிக்காரர் என்னைப் பார்த்தார். கதவை வெட்டினால் மழை உள்ளே போகும், பூட்டும் நிற்காது. வெட்டின பெட்டியை அப்புறம் யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தச் சேதம் யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும்.

"வெட்டுங்க" என்றாள் மறுபடி. "பெட்டியா பெருசு?"

வெல்டர் ஹோஸை இழுத்து வந்தார். பற்ற வைத்தார். அந்தச் சத்தம் உள்ளே கேட்டிருக்கிறது.

"யாரது காஸு பத்த வெக்கிறது? அணைங்க."

"பாய், மொதல்ல வெளிய வாங்க" என்றேன்.

"வரத்தான போறேன். கதவ வெட்டுனா அப்புறம் இது பெட்டியா? கொட்டாய்தான. தாயி வளையலக் குடுத்துட்டு கொட்டாய்க்குள்ளயா உக்காரும்?"

"வளையலு கெடக்கட்டும் அண்ணே."

"கெடக்கவேணாம். செத்த நேரம் பொறு. நான் இன்னும் ஒரு மூலையப் பாக்கல."

அவர் குரல் முதலில் இருந்த மாதிரி இல்லை. இழுத்து இழுத்து வந்தது. மூலையைப் பார்க்கப் போகவும் இல்லை. ஓட்டையை விட்டு நகரவில்லை என்று தெரிந்தது.

நான் கதவுக்கு வந்தேன். மேலே, ரப்பருக்கு வெளியே, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கைப் பார்த்தேன். ஒரு பக்கம் விரல் போகும். மறுபக்கம் பிளேடு போகாது. கீழே குனிந்தேன். கதவுப் பக்கத்து மூலைக்குக் கொடுத்திருந்த கல், மழை ஈரத்தில் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பெட்டி முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கின லாரியில் கேபின் கதவு பிடித்துக்கொள்ளும். தினமும் பார்க்கிறதுதான். பெட்டியில் குற்றம் இல்லை. தரையில் குற்றம்.

யார்டு வாசலில் ஒரு லாரி நின்றது. டிரைவர் இல்லை. எந்த லாரியிலும் ஜாக்கி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்து வந்தேன். மண் இளகலாக இருந்ததால் அடியில் ஒரு மரக்கட்டை போட்டேன். ஜாக்கி வழுக்கினால் பெட்டி சாயும். உள்ளே ஆள்.

"பாய், மூலையத் தூக்கப் போறேன். அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

"எந்தப் பக்கம் அப்பு? இங்க எல்லாப் பக்கமும் ஒன்னாத்தான் இருக்கு."

"என் குரலு வராத பக்கம்."

ஜாக்கியை அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி இடுக்கைப் பார்த்தேன். விரல் போன பக்கம் குறைந்தது. பிளேடு போகாத பக்கம் கோடு மாதிரி ஒரு இடைவெளி விழுந்தது. வெல்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டி முனகியது. பிறகு டங் என்று ஒரு சத்தம். கம்பி தளர்ந்தது. வெல்டர் ஒரு கையால் திறந்தார்.

பாய் வெளியே வந்தார். சட்டையைப் பிழிந்தால் குடம் நிறையும். என் மனைவி சொம்பைக் கொடுத்தாள். பாதியைக் குடித்தார். மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். செத்த நேரம் தரையில் உட்கார்ந்தார். 

பிறகு சொன்னார். "வாடை இல்ல. பலகை கல்லு மாதிரி இருக்கு. கதவுகிட்ட மட்டும் கொஞ்சம் அமுங்குது, ஒரு பலகை மாத்துனாப் போதும். கூரை சுத்தம். ஓட்டை இது ஒன்னுதான். எடுத்துக்க."

"அந்த ஓட்டதான் அண்ணாச்சி உங்களக் காப்பாத்துச்சு" என்றார் தூத்துக்குடிக்காரர். "அதுக்குன்னு தனியாக் காசு கேக்க மாட்டேன்."

வெல்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே எதுக்குள்ளயும் போகாதீங்க அண்ணே" என்றாள்.

"போகாம எப்படித் தாயி வாங்குறது?"

பெட்டியை எடுத்தோம். ரோட்டோரம் தள்ளி ஒரு இடத்தில் நான்கு கல் மட்டம் பார்த்துப் போட்டு இறக்கினோம். அந்த ஓட்டைக்கு நான் டியூப் ஒட்டுத்தான் போட்டேன். பாய் வந்து பார்த்துவிட்டு, "பெட்டிக்கே பஞ்சர் போட்டுட்டியா" என்றார். பிறகும் மழை பெய்தால் வருவார். உள்ளே வந்து நின்று கூரையைப் பார்ப்பார். டீ குடிப்பார். போவார்.

சில வருஷம் நன்றாக ஓடியது. மறுபடி ரோட்டு வேலை வந்தது. இந்தத் தடவை பாலம். வரிசையில் இருந்த கடைகளை எடுக்கச் சொன்னார்கள். டீக்கடை அக்கா ஓலையைப் பிரித்தார். பழக்கடைக்காரர் சுவரைத் தானே இடித்துச் செங்கல்லை அடுக்கினார்.

எனக்குக் கிரேன் வந்தது. பாய் காலையிலேயே கயிறோடு வந்துவிட்டார். கம்ப்ரசரை, மெஷினை, டயர்களை, எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு ஒரு டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

கிரேன்காரர் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, எறங்குங்க."

"இருக்கட்டும். தூக்குங்க."

"ஆளு உள்ள இருந்தாத் தூக்க மாட்டேன்."

"படுத்துப் பாத்துட்டேன், நின்னு பாத்துட்டேன். தூக்கும்போது உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்ல."

"அதுக்கெல்லாம் நான் தூக்க முடியாது. நீங்க விழுந்தா நான்தான் ஸ்டேஷன்ல உக்காரணும்."

பாய் என்னைப் பார்த்தார்.  என் மனைவி அவர் முன்னால் போய் நின்றாள். இறங்கிவிட்டார்.

ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்றார். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டார். பெட்டி தரையை விட்டுக் கிளம்பியது. கொஞ்சம் ஆடியது. பிறகு நிதானமாக மேலே போனது. டீக்கடை அக்கா ஓலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். எதையும் வெளியே நின்று பாய் பார்த்து அதுவரை நான் கண்டதில்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"வெளிய இருந்தும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

டீக்கடை அக்கா எங்களிடம் வந்தார். "பாய், எனக்கும் இது மாதிரி ஒன்னு பாத்துத் தாங்களேன்."

"வாரேன். ஆனா வாங்குற அன்னிக்கு நீயும் உள்ள வரணும். அடுப்ப வெக்கப்போறது நீதான?"

"சரி, வாரேன்."

பெட்டி பைபாஸ் தாண்டிப் புது இடத்தில் இறங்கியது. கயிறுகளை அவிழ்த்தோம். கம்ப்ரசருக்குக் கரண்ட் கொடுத்தோம். பழைய டயர் ஒன்றில் பஞ்சர் என்று சுண்ணாம்பால் எழுதி ரோட்டோரம் என் மனைவி நிறுத்தினாள். இருட்டுவதற்குள் வந்த வண்டிகள் ஏழு.